பாறைக்குத் திரும்புகிறவர் முதலில் எங்கே போக வேண்டும்?

தருமபுரியிலிருந்து ஒரு தம்பி போன மாதம் போன் செய்தான். பெங்களூரில் வேலை பார்த்த நான்கு வருடமும் விடாமல் பாறை ஏறியவன். கல்யாணம், அப்பாவின் உடல்நிலை, சொந்த ஊருக்கு மாற்றல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் இரண்டரை வருடமாக ஷூவைத் தொடவில்லை. இப்போது மறுபடியும் தொடங்க ஆசை. "அண்ணா, வாரா வாரம் பெங்களூரு போய் க்ளைம்பிங் ஜிம்மில் ஏறட்டுமா, வீட்டிலேயே விரல் பயிற்சிக்கான ஃபிங்கர்போர்டு பலகை மாட்டிக்கட்டுமா, இல்ல நம்ம ஊர்ப் பாறையிலேயே ஆரம்பிச்சிடட்டுமா? சில பேர் ரெண்டு மாசம் உடம்பைத் தேத்திட்டு அப்புறம் ஏறுங்கறாங்க" என்றான்.

போனில் அரைகுறையாக ஏதோ சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி அரைகுறைப் பதிலுக்கு உரியதாக இல்லை. எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைவிட எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் விரல் பிழைப்பதும் போவதும் இருக்கிறது. அதைத் தவறான வரிசையில் ஒருமுறை செய்து, ஐந்து மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் நான்.

மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு நான் நேராகப் பெங்களூரில் ஒரு க்ளைம்பிங் ஜிம்முக்குப் போனேன். முதல் நாள் மூச்சு வாங்கியது, கை எரிந்தது. இரண்டாம் வாரமே பழைய அசைவுகள் கைக்கு வந்துவிட்டன. மூன்றாம் வாரம், முன்பு சாதாரணமாக ஏறிய அளவு கடினமுள்ள ஒரு ஏறுவழியில், சின்ன விளிம்பை விரல் மடக்கி இறுக்கிப் பிடித்தபோது மோதிர விரலின் அடியில் 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவருக்கும் அது கேட்டது. விரலுக்குள் இருக்கும் வளைய நார் பாதி கிழிந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது.

கை முந்திக்கொள்ளும்

நடந்தது இதுதான். ஏறுவதை நிறுத்தினால் தசை வலு குறைகிறது. ஆனால் முன்பு பயிற்சி பெற்ற தசை, திரும்பத் தொடங்கினால் வேகமாக மீண்டு வரும். ஒருமுறை வளர்ந்த தசை இழைகளில் கூடிய உட்கருக்கள் பயிற்சி நின்ற பிறகும் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அசைவின் நினைவும் அழிவதில்லை. எங்கே இடுப்பைத் திருப்ப வேண்டும், எப்போது குதிகாலைக் கொக்கியாகப் போட வேண்டும் என்பதெல்லாம் சைக்கிள் ஓட்டுவது மாதிரி உடம்பிலேயே இருக்கும்.

தசைநாணும் நார்களும் அப்படி இல்லை. அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு. கொலாஜன் என்ற புரதத்தால் ஆன அவை பாரத்துக்குப் பழகி உறுதிப்பட வாரக்கணக்கில் போதாது, மாதக்கணக்கு வேண்டும். ஆக, திரும்பி வந்த ஆறாவது வாரத்தில் உங்கள் முன்கை பழைய ஏறுநருடையது, விரல் நார்கள் மட்டும் புது ஆளுடையவை. அந்தப் பலமான கை இந்தப் பலவீனமான நாரை இழுக்கும்போதுதான் காயம் வருகிறது.

விரலை மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட நாண்கள் உள்ளங்கை வழியாக விரல்நுனி வரை ஓடுகின்றன. தூண்டில் கோலில் நரம்பு விலகாமல் பிடித்திருக்கும் வளையங்கள் மாதிரி, நாண் எலும்பை விட்டு எழும்பாமல் பிடித்துக்கொள்ள விரலில் ஐந்து முக்கிய வளையங்கள். இவற்றை 'புல்லி' என்பார்கள். அடிவிரல் எலும்பின் மேல் இருக்கும் ஏ2 என்ற வளையம்தான் ஏறுநர்களுக்கு அதிகம் கிழிவது, அதிலும் மோதிர விரலில். விரலின் நடு மூட்டைக் கூராக மடக்கி, கட்டைவிரலை மேலே பூட்டிப் பிடிக்கும் முழு க்ரிம்ப் பிடியில் இந்த வளையத்தின் மேல் விழும் விசை, விரல்நுனி தாங்கும் எடையைப் போலச் சில மடங்கு. விரலை நீட்டித் திறந்த நிலையில் பிடித்தால் அது வெகுவாகக் குறையும்.

அதனால் நான்கு வழிகளையும் நான் ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன்: முதல் மூன்று மாதத்தில் விரலுக்குக் குறைந்த பாரத்தை அடிக்கடி கொடுக்க எது இடம் தருகிறது? மகிழ்ச்சி, செலவு, பயணம், துணை எல்லாம் முக்கியம்தான். ஆனால் அவை இதற்கு அடுத்த வரிசை.

இடைவெளி மூன்று மாதத்துக்குள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையே இல்லை. இரண்டு வாரம் சுலபமான வழிகளில் ஏறிவிட்டுப் பழையபடி தொடருங்கள். ஒரு வருடம் தாண்டியவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பெங்களூரு ஜிம்

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது, பஸ்தான். ஓசூர் வரை வண்டி பறக்கும், அத்திப்பள்ளி தாண்டியதும் ஊர ஆரம்பிக்கும், சில்க் போர்டு சந்திப்பில் நின்றேவிடும். தருமபுரிக்காரர்களுக்குப் பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாக ரயில் இருப்பது ஒரு வசதி. எப்படிப் போனாலும் போக வர ஐந்தாறு மணி நேரம் போய்விடும்.

ஜிம்மின் நன்மைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தரையெங்கும் தடித்த மெத்தை. வழிகளுக்கு நிறம் வாரியாகக் கடினம் குறித்திருப்பதால் சுலபமானதைத் தேர்ந்தெடுக்க முடியும். கயிறு பிடிக்கத் துணைக்கு ஆள் கிடைக்கும். பழைய நண்பர்களைப் பார்க்கலாம். இரண்டு வருடம் தனியாகக் கிடந்தவனுக்கு கையில் பூசும் அந்த வெள்ளைப் பொடி வாசனையே பாதி மருந்து.

சிக்கல் அந்தப் பயணத்திலேயே தொடங்குகிறது. மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவன் நாற்பது நிமிடம் ஏறிவிட்டு 'இன்றைக்கு இது போதும்' என்று கிளம்புவானா? மாட்டான். உள்ளே போகக் கட்டணம் கட்டியிருக்கிறோம், அடுத்த வாரம் வர முடியுமோ முடியாதோ என்று மூன்று மணி நேரமும் தொங்குவான். வாரத்தில் ஆறு நாள் பூஜ்யம், ஏழாம் நாள் மொத்தமும். மெதுவாகப் பழகும் நார்களுக்கு இதைவிட மோசமான கணக்கு இல்லை. எனக்கு நடந்தது இதேதான்.

சுவரின் சாய்வு இன்னொன்று. உள்ளரங்கச் சுவர்களில் பெரும்பாலானவை உங்களை நோக்கிக் கவிழ்ந்திருப்பவை. மூன்போர்டு என்ற பயிற்சிப் பலகை 40 பாகை கவிழ்ந்தது. கவிழ்ந்த சுவரில் காலால் தாங்கும் எடை குறைந்து, அது முழுக்க விரலுக்கு மாறும். ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு சேர்ந்த பிறகு (முதலில் 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில்) ஓடிப் பாய்ந்து பிடிக்கும் வழிகளை ஜிம்களிலும் நிறையப் பார்க்கிறோம். பார்க்க அழகு. ஆனால் பாய்ந்து ஒரு பிடியைப் பற்றும் அந்த நொடியில் விரலில் விழும் அதிர்வு, திரும்பி வருகிறவருக்கு உரியது இல்லை. மூலையில் ஏணி மாதிரி மரக்கட்டைகள் அடித்த கேம்பஸ் போர்டு இருந்தால் அதை முதல் வருடம் முழுக்க மறந்துவிடுங்கள். வோல்ஃப்காங் குல்லிச் என்ற ஜெர்மானியர் 1980-களின் இறுதியில் நூரெம்பெர்க்கில் அதை உருவாக்கினார். அன்றைய உலகின் மிகக் கடினமான வழியை 1991-இல் ஏறிய மனிதரின் கருவி அது.

கூட இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் விட்ட காலத்தில் உங்களுக்குக் கீழே இருந்தவர்கள் இப்போது மேலே இருப்பார்கள். "இது உனக்கு ஜுஜுபி, ஏறு" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்பை மறுக்க முதல் மாதத்தில் யாருக்கும் மனம் வராது.

வீட்டுக் கதவுநிலை

ஃபிங்கர்போர்டு என்பது விரல் பிடிக்க வெவ்வேறு ஆழத்தில் விளிம்புகள் செதுக்கிய ஒரு பலகை, அவ்வளவுதான். கடையிலும் கிடைக்கும். நான் ஊர் ஆசாரியிடம் நன்றாகக் காய்ந்த வேப்பமரத்தில் செய்து வாங்கினேன். 20 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு விளிம்பு, 30-இல் ஒன்று. விளிம்பின் கூர்மையைப் பென்சில் பருமனுக்கு உருட்டி, வழவழப்பு வராமல் மணல்தாள் போட்டு நிறுத்தச் சொன்னேன். வார்னிஷ் கூடாது, வழுக்கும். மாட்டும் இடம் கதவுநிலைக்கு மேலே கான்கிரீட் லிண்டல். செங்கல்லில் அடித்த ஆணியை நம்ப வேண்டாம்.

இந்த வழியைச் சிலர் ஆபத்து என்பார்கள். முழு உடம்பையும் தொங்கவிட்டால் அவர்கள் சொல்வது சரி. ஸ்பெயின் பயிற்சியாளர் ஏவா லோபஸ் போன்றவர்கள் வகுத்த, இடுப்பில் கூடுதல் எடை கட்டித் தொங்கும் முறைகள் நல்ல முறைகள்தான், ஆனால் தொடர்ந்து ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கு. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

தசைநாண் செல்கள் பாரத்துக்கு எப்படி எதிர்வினை செய்கின்றன என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கீத் பார் ஆராய்ந்திருக்கிறார். பத்து நிமிடம் போலக் குறுகிய நேரப் பாரமே அந்தச் செல்களைத் தூண்டப் போதுமானது, அதற்கு மேல் நீட்டினால் அவை கவனிப்பதில்லை, மறுபடி தூண்ட ஆறு மணி நேரம் போல இடைவெளி வேண்டும் என்பது அவர் சொல்வதன் சாரம். ஸ்வீடன் ஏறுநர் எமில் ஆப்ரஹாம்சன் இதை எடுத்து, கால் தரையில் ஊன்றியபடி காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் லேசாக விரலுக்குப் பாரம் கொடுக்கும் ஒரு பழக்கத்தைப் பரப்பினார். பத்து விநாடி பிடி, ஐம்பது விநாடி விடு. தொங்குவதே இல்லை. பலகையில் விரலை வைத்து முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தினால் எவ்வளவு எடை இறங்குமோ அவ்வளவு போதும். வலி என்ற சொல்லே வரக்கூடாது.

இதை நான் மூன்று வாரம் செய்தேன். அப்புறம் வாளிக்கு மாறினேன். இந்த வாளி முறையைத்தான் தம்பியிடம் அதிகம் வலியுறுத்தினேன்.

வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகு மிச்சமாகும் 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று எடுங்கள். 20 மில்லிமீட்டர் விளிம்புள்ள ஒரு மரக்கட்டையில் துளை போட்டு, உறுதியான கயிற்றால் வாளியின் கைப்பிடியில் கட்டுங்கள். வாளியில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு கிலோ. இதைவிடத் துல்லியமான எடைக்கருவி வீட்டில் கிடைக்காது. நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, திறந்த விரல்களால் கட்டையைப் பிடித்து, வாளியை ஒரு சாண் மேலே தூக்கிப் பத்து விநாடி நிறுத்த வேண்டும். கைக்கு ஆறு தடவை, வாரத்தில் மூன்று நாள். நான் எட்டு லிட்டரில் தொடங்கினேன். வெட்கப்படும் அளவுக்குச் சுலபமாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு லிட்டர் மட்டும் கூட்டினேன்.

கூட்டலாமா கூடாதா என்பதை ஆசையிடம் கேட்கக் கூடாது, விரலிடம் கேட்க வேண்டும். மறுநாள் காலை எழுந்ததும், வேறு எதையும் தொடும் முன்னால், மோதிர விரலின் அடியிலும் நடுவிரலின் அடியிலும் அடுத்த கையின் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குத்தினால் அந்த வாரம் கூட்டல் இல்லை. இரண்டு நாள் தொடர்ந்து குத்தினால் இரண்டு லிட்டர் குறையுங்கள்.

இதன் குறையும் வெளிப்படையானது. அலுக்கும். வாளி தூக்குவது ஏறுவதாகாது. காலுக்கு, இடுப்புக்கு, உயரத்தைக் கண்டு வரும் பயத்துக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. இதை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பியவர்கள் பலர் இரண்டு மாதத்தில் வாளியை மொட்டை மாடியிலேயே விட்டுவிடுவார்கள்.

நம் ஊர்க் கரடு

இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களே தங்கள் பாறையை இரண்டாம் தரமாக நினைக்கிறார்கள். ஏறுநர்கள் கர்நாடகத்தின் ராமநகரம், பாதாமி, ஹம்பி என்று போவார்கள். நம் கரடுகளை, இந்தச் சிறு பாறைக் குன்றுகளை, பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே கடப்பார்கள்.

கிருஷ்ணகிரியைச் சுற்றி நிற்கும் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ளவை. கிரானைட்டும் அதன் உறவான பட்டைக் கல்லும். அவற்றின் உருவம் நீங்கள் பார்த்ததுதான்: யானை முதுகு மாதிரி உருண்டு சரிந்த மொட்டைப் பாறை, அடிவாரத்தில் உருண்டைக் கற்கள். பிடித்துத் தொங்க அதிகம் கிடைக்காது. ஏறுநர் மொழியில் இது ஸ்லாப், நிமிர்ந்து நிற்காமல் உங்களை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும் பாறை. எடை முழுக்கக் காலில். ஷூவின் அடி ரப்பர் கல்லின் சொரசொரப்பில் ஒட்டுவதை நம்பி நிற்க வேண்டும். கை சமநிலைக்குத்தான்.

திரும்பி வருகிறவருக்கு வேண்டியது இதைத் தவிர வேறென்ன? விரலுக்குப் பாரமில்லாமல் உடம்பு முழுக்க ஏறுகிறது. காலின் நுணுக்கமும் நம்பிக்கையும்தான் இடைவெளியில் அதிகம் துருப்பிடிப்பவை. அவற்றைச் சாய்வுப் பாறை மாதிரி எந்தச் சுவரும் சொல்லித் தராது. பெங்களூரில் நான்கு வருடம் கவிழ்ந்த சுவரில் ஏறிய பலர் இந்தச் சரிவில் முதல் நாள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தடுமாற்றம் நல்லது, ஏனென்றால் 'முன்பு நான் எவ்வளவு ஏறினேன்' என்ற ஒப்பீடு அங்கே எழாது. புதிய பாடம், புதிய தொடக்கம்.

முதல் மாதம் மேலே ஏறவே வேண்டாம். ஒரு பெரிய உருண்டைக் கல்லின் அடியில், கால் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல், பக்கவாட்டிலேயே நகர்ந்து சுற்றி வாருங்கள். இதை ட்ராவர்ஸ் என்போம். விழுந்தாலும் ஒரு படி இறங்குவது போலத்தான். ஒரு சுற்றில் நாற்பது, ஐம்பது அசைவு. விரல் வளையங்கள் சூடேற நூறு அசைவாவது வேண்டும் என்பது பழைய ஏறுநர்களின் வழக்கம். இரண்டு மூன்று சுற்றில் அது முடிந்துவிடும். வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் பாறை இருந்தால் காலை வேலைக்கு முன் வாரம் மூன்று நாள் போய்வரலாம். அரை மணி நேரத்தில் கிளம்பி வந்தாலும் நஷ்டம் என்று தோன்றாது. எனக்கு இந்த வழியில் பிடித்ததே அதுதான்.

சங்கடங்களும் உண்டு, அவை சின்னவை இல்லை. வெயில் முதலாவது. மார்ச் தொடங்கி மே வரை காலை எட்டு மணிக்கே கல் சுடும். வியர்த்த விரலும் சூடான ரப்பரும் கிரானைட்டில் நிற்காது. மழை ஓய்ந்த நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் நமக்குப் பருவம். கோடையில் தொடங்குகிறவர் வீட்டு வாளியோடுதான் தொடங்க வேண்டியிருக்கும்.

வெயிலாலும் காலத்தாலும் கிரானைட் வெங்காயத் தோல் மாதிரி உரிவது அடுத்தது. பெரிய பாளம் ஒன்று ஒட்டியிருப்பது போலத் தெரியும், பின்னால் இடைவெளி இருக்கும். கை வைக்கும் முன் முஷ்டியால் தட்டுங்கள். திடமான பாறை ஊமையாக இருக்கும். குடம் மாதிரி ஒலித்தால் அதை இழுக்காதீர்கள். வெடிப்புகளில் பார்க்காமல் விரல் விடக்கூடாது, சுருட்டை விரியன் இந்தக் காய்ந்த பாறைகளின் வாசி. கவிழ்ந்த பாறைக்கு அடியில் பெருந்தேனீயின் தொங்கு கூடு இருக்கிறதா என்று தூரத்திலிருந்தே அண்ணாந்து பாருங்கள். இருந்தால் அன்றைக்கு வேறு கல். தேன்கூட்டின் கீழே சத்தம் போடுவது, புகைப்பது, கயிறு வீசுவது எதுவும் வேண்டாம்.

எங்கே ஏறுகிறோம் என்பதிலும் பொறுப்பு இருக்கிறது. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையும் ராயக்கோட்டையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. படியில் நடந்து ஏறுங்கள், ஏறுபயிற்சி அங்கே கூடாது. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் யானை நடமாட்டம், விடியற்காலையில் தனியாகப் போகக் கூடாத இடங்கள். மாந்தோப்புக்குள் கிடக்கும் உருண்டைக் கற்கள்தான் பெரும்பாலும் நமக்குச் சரி. தோட்டக்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள். நான் கேட்ட பெரியவர், "கல்லு மேல ஏறி என்னப்பா பண்ணப்போற" என்று சிரித்துவிட்டு, மா பூவெடுக்கும் மாதங்களில் கிளை ஒடியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான். கைவிட்ட கல்குவாரிகள் பக்கம் போகவே வேண்டாம். வெடிவைத்து உடைத்த சுவர் எப்போது உதிரும் என்று யாருக்கும் தெரியாது, அடியில் ஆழமான தண்ணீர்.

இன்னொன்று, இது எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம். பர்கூர் பக்கம் மல்லப்பாடி முதலாக இந்த மாவட்டத்தின் பல பாறைகளில் மிகப் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, வெள்ளை நிறத்தில். நாம் கையில் பூசுவதும் வெள்ளைப் பொடி. மறைவான பாறை, குடை மாதிரி கவிந்த கல் எதுவானாலும் பொடியையோ பிரஷ்ஷையோ எடுக்கும் முன் சுவரை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். குதிரைமேல் ஒரு மனிதன், ஒரு மிருகத்தின் கோடு என்று ஏதாவது தெரிந்தால் கை வைக்காமல் வந்துவிடுங்கள். மல்லசந்திரம் போன்ற இடங்களின் கற்திட்டைகளும் அப்படித்தான், அவை நம் முன்னோரின் ஈமச் சின்னங்கள்.

துணையில்லாமல் போகாதீர்கள். ஏறத் தெரியாத தம்பியோ மாமன் மகனோ யாராவது ஒருவர் போனோடு கீழே இருந்தால் போதும். இலவம்பஞ்சு மெத்தையை விரித்துவிட்டு எட்டடி ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கணுக்காலைக் காக்காது. விழுவதைத் தாங்கும் தடித்த மெத்தையான க்ராஷ் பேட் இல்லாத வரை இடுப்புக்கு மேல் கால் போகக் கூடாது.

உடம்பைத் தேற்றிவிட்டு ஏறலாமா?

இரண்டு மாதம் ஏறாமல், உள்ளூர் ஜிம்மில் எடை தூக்கி, மலைப்படி ஏறி, எடை குறைத்துவிட்டுப் பிறகு தொடங்குவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தோள், முதுகு, தொடை தேறும். ஆனால் விரலுக்கு அந்த இரண்டு மாதத்தில் எதுவும் நடக்காது. பலமான முதுகும் தயாராகாத விரலும் என்ற அதே ஏற்றத்தாழ்வை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு பாறைக்குப் போகிறோம். அதனால் இதைத் தனி வழியாக நான் சொல்வதில்லை. வாளியோடு சேர்த்து வாரம் இரண்டு நாள் செய்யலாம், தோளுக்கு நல்லது.

விதிவிலக்கு உண்டு. காயத்தால் விட்டவர், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், பிரசவம் முடிந்து திரும்புகிறவர் எல்லோரும் முதலில் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் இடுப்புத்தளத் தசைகள் தேறும் முன் மேலிருந்து மெத்தையில் குதிப்பதும், இடுப்பில் கட்டும் ஹார்னஸில் விழுந்து தொங்குவதும் வேண்டாம்.

தம்பிக்குச் சொன்ன வரிசை

அவன் கேட்டது டிசம்பர் தொடக்கத்தில். கல் குளிர்ந்திருக்கும் பருவம், தருமபுரியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே கரடு, துணைக்குச் சித்தப்பா பையன். அதனால் பிறகு யோசித்துச் சொன்ன பதில் எனக்குச் சுலபமாயிற்று. முதல் எட்டு வாரம் நம் ஊர்ப் பாறையில் ட்ராவர்ஸும் சாய்வும், கூடவே வீட்டில் காலூன்றிய பிடியும் பிறகு வாளியும். பெங்களூரு ஒன்பதாவது வாரத்தில், அதுவும் மாதம் இரண்டு முறை, சுலபமான நிறங்கள் மட்டும், கயிறு மேலிருந்தே தாங்கும் டாப் ரோப் இருந்தால் அது முதலில். கவிழ்ந்த பலகைகளை நான்காம் மாதம் வரை தொட வேண்டாம். முழு க்ரிம்ப் பிடி ஆறு மாதத்துக்கு இல்லை. கயிற்றோடு பெரிய பாறைக்குப் போவதானால் சாவன்துர்கா, ராமநகரத்தின் சாய்வு வழிகள் அடுத்த குளிர்காலத்துக்கு.

அதே கேள்வியை ஏப்ரலில் கேட்டிருந்தால் வாளியும் மாதம் இரண்டு ஜிம்மும் என்றிருப்பேன், ஜிம்மில் ஒரு மணி நேரத்துக்கு அலாரம் வைக்கச் சொல்லியிருப்பேன். ஓசூரில் இருப்பவருக்கு இன்னொரு கணக்கு. பெங்களூரு அவருக்கு 40 கிலோமீட்டர்தான், வாரம் இருமுறை போய்ச் சீக்கிரம் திரும்ப முடிந்தால் ஜிம்மையே முதலாக வைத்துக்கொள்ளலாம். பிரச்சினை ஜிம்மில் இல்லை, வாரத்துக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டுவதில் இருக்கிறது.

அவன் ஒரு எதிர்க்கேள்வி கேட்டான்: "எட்டு வாரம் ரொம்ப மெதுவா இல்லயாண்ணா?" மெதுவாகத்தான் இருக்கும். ஆறாவது வாரம் கை நன்றாகப் பலப்பட்டது போலத் தோன்றும், அன்றைக்குத்தான் கடினமான ஒன்றை முயலத் தோன்றும். அந்த வாரத்தை நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கச் சொன்னேன்.

கிளம்பும் முன் பழைய மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதும் இதில் சேர்த்தி. நைலான் கயிறு, ஹார்னஸ், ஸ்லிங் என்ற பட்டை வளையம் எதுவும் பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் மூப்படையும். பெரும்பாலான நிறுவனங்கள் பத்து வருடத்தை மேல் எல்லையாகச் சொல்கின்றன. பெட்ரோல், பேட்டரி அமிலம், பூச்சிமருந்துப் பக்கத்தில் கிடந்த கயிறு என்றால் வயதைப் பார்க்கவே வேண்டாம், கிணற்றடிக்குக்கூடக் கொடுக்காமல் வெட்டிப் போடுங்கள். விரலால் முழு நீளமும் தடவிப் பாருங்கள், உள்ளே மெத்தென்று தட்டையாகும் இடம் இருந்தாலும் எலி கடித்திருந்தாலும் அது கயிறு இல்லை. ஷூவின் ரப்பர் வருடக்கணக்கில் இறுகிப் பளபளக்கும். மணல்தாளால் லேசாகத் தேய்த்தால் மேல்தோல் போய்ப் பிடிப்பு வரும். நம் ஊர் வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்த ஷூவின் பசை விட்டிருக்கும், முனையைப் பிடித்து வளைத்துப் பாருங்கள்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை பேசினான். ஐந்தாவது வாரம், வாளியில் ஒன்பது லிட்டர். பாலக்கோடு ரோட்டுப் பக்கம் ஒரு கல்லைக் கண்டுபிடித்திருக்கிறான், ஒரு சுற்றுக்கு அறுபத்திரண்டு அசைவு வருகிறதாம். உள்ளங்கைத் தோல் இன்னும் மெல்லிசாக இருக்கிறது, நாலாவது சுற்றில் எரிகிறது என்றான். மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன்.